சம்பவ இடத்தில் முதல் ஒரு மணி நேரம்: தடயங்களைக் காப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டு மலையில் ஒரு காபித் தோட்டம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீட்டு வாசலில் ஒரு முதியவர் இறந்து கிடக்கிறார் என்று காலையில் தகவல் வந்தது. கேமராப் பையை மாட்டிக்கொண்டு, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. வாசல் பளிச்சென்று இருந்தது. சாணம் கரைத்துத் தெளித்து, பெருக்கி, முதியவரைத் திண்ணையில் பாய் விரித்துக் கிடத்தி, மேலே வெள்ளை வேட்டி போர்த்தி, தலைமாட்டில் விளக்கும் ஏற்றியிருந்தார்கள். “பெரியவரை அந்தக் கோலத்தில் போட்டுவைக்க மனம் வருமா ஐயா?” என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முதியவர் எப்படி விழுந்தார், எங்கே விழுந்தார், பக்கத்தில் யார் கால் தடம் இருந்தது என்பதெல்லாம் அந்தச் சாணத் தண்ணீரோடு போய்விட்டது.

சேலத்தில் 22 ஆண்டுகள் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் அளவுப் படம் போக, காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தால் சம்பவ இடத்துக்கும் படம் எடுக்கப் போவேன். நான் நிபுணன் இல்லை. ஆனால் விரல்ரேகைப் பிரிவினரும் தடய அறிவியல் துறை அதிகாரிகளும் வேலை செய்வதைப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் கற்றிருக்கிறேன். பலமுறை சாட்சிக் கூண்டிலும் ஏறியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தடயங்களை அழித்தவர்களில் குற்றவாளிகளைவிட நல்ல மனம் கொண்டவர்களே அதிகம். ஆகவே இந்த வழிகாட்டி முதலில் அவர்களுக்கு. அதாவது வீட்டுக்காரருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, தோட்டத்து மேஸ்திரிக்கு, சம்பவ இடத்தில் கண்டதையும் கைப்பற்றியதையும் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட அழைக்கப்படும் கிராம நிர்வாக அலுவலருக்கு. இந்தத் துறையில் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

தொடங்கும் முன்: ஒட்டிப் போவதும் உதிர்ந்து விழுவதும்

பிரான்ஸின் லியோன் நகரில் 1910இல் காவல்துறைக்கென்று ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியவர் எட்மோன் லொக்கார். இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது மாறும் என்பதுதான் அவர் வழியாக வந்த அடிப்படை விதி. வந்தவன் எதையாவது உதிர்த்துவிட்டுப் போவான். எதையாவது ஒட்டிக்கொண்டும் போவான். முடி, நூலிழை, மண், வியர்வை, பெயின்ட் துணுக்கு என்று அது எதுவாகவும் இருக்கலாம்.

இந்த விதி குற்றவாளிக்கு மட்டும் பொருந்துவதில்லை என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எட்டிப் பார்க்க வந்த உறவினருக்கும், அழுது புரண்ட மகளுக்கும், அவசரத்தில் செருப்போடு உள்ளே நுழைந்த காவலருக்கும் அதே விதிதான்.

தடய அறிவியல் எங்கோ வெளிநாட்டில் பிறந்து நமக்கு வந்த சரக்கு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். நஞ்சு கலந்த மரணங்களைச் சோதிக்கும் வேதியியல் ஆய்வாளர் கூடம் சென்னையில் 1849இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. விரல்ரேகைக்கென்று உலகின் முதல் அலுவலகம் 1897இல் கல்கத்தாவில் திறக்கப்பட்டது. ரேகைகளை வகைபிரித்து அடுக்கும் முறையை உருவாக்கியதில் அஸிஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகளின் உழைப்பு பெரியது. முறைக்கு மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் நின்றுவிட்டது. இன்று சேலத்திலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

முதல் படி: உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

தடயத்தைவிட உயிர் பெரிது. இதில் இரண்டாம் கருத்தே கிடையாது. மூச்சு இருந்தால் 108ஐ அழையுங்கள், முதலுதவி செய்யுங்கள், தூக்க வேண்டியிருந்தால் தூக்குங்கள். எந்த நீதிமன்றமும் அதற்காக உங்களைக் குறை சொல்லாது. ஆனால் என்னென்ன செய்தீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்: எந்தக் கதவைத் தள்ளினீர்கள், எந்த நாற்காலியை நகர்த்தினீர்கள், ஆளை எந்தப் பக்கம் திருப்பினீர்கள். சமையல் எரிவாயு வாசம் அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

தூக்கில் தொங்குபவரை இறக்க நேர்ந்தால் முடிச்சை அவிழ்க்காதீர்கள். முடிச்சுக்குத் தள்ளி, வேறோர் இடத்தில் கயிற்றை வெட்டுங்கள். முடிச்சு எப்படிப் போடப்பட்டிருக்கிறது, கழுத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து மருத்துவரும் புலனாய்வு அதிகாரியும் எவ்வளவோ கண்டுகொள்வார்கள். அவிழ்த்த முடிச்சை அதேபோல மறுபடி போட யாராலும் முடியாது.

உயிர் இல்லை என்பது உறுதியாகத் தெரிந்தால், வந்த வழியிலேயே, வந்த அடிகளிலேயே திரும்புங்கள். 112 அல்லது 100ஐ அழையுங்கள். மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தொடாதீர்கள், கழுவாதீர்கள், போர்த்தாதீர்கள்

இந்தப் படியை நான் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். பாதி வழக்குகள் இங்கேயே கெட்டுப்போவதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

வேட்டி போர்த்துவது மரியாதைதான். ஆனால் அந்த வேட்டியின் நூலிழைகள் இறந்தவரின் உடலில் ஒட்டும். உடலில் ஏற்கெனவே ஒட்டியிருந்த அந்நியரின் முடி வேட்டியோடு போகும். ஆட்கள் பார்க்கிறார்களே என்று சங்கடமாக இருந்தால், உடலின் மேல் போர்த்தாமல் வாசலில் ஒரு போர்வையைத் திரைபோலப் பிடித்து மறையுங்கள்.

வீட்டுக் குழாயில் கை கழுவாதீர்கள்; கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள். கொலை செய்தவன் கை கழுவியது அந்தத் தொட்டியாகவே இருக்கலாம். மின்விசிறி ஓடினால் ஓடட்டும், நின்றிருந்தால் நிற்கட்டும். தரையில் கிடக்கும் பீடித்துண்டு, டீ டம்ளர், வெற்றிலைத் துப்பல் எதையும் குப்பை என்று கூட்டாதீர்கள், உமிழ்நீரிலிருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். காத்திருக்கும் நேரத்தில் அங்கே நின்று நீங்களும் துப்பிவிடாதீர்கள். ஒரு சம்பவ இடத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போட்ட பீடித்துண்டுகளையே பதினேழு எண்ணினேன்.

மலையில் மழை சொல்லிக்கொண்டு வராது. ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம் தெரிகிறது, வானமும் இருட்டுகிறது என்றால், வீட்டிலிருந்து ஓர் அன்னக்கூடையையோ பிளாஸ்டிக் பேசினையோ எடுத்து வந்து, விளிம்பு தடத்தில் படாமல் கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு கல். செம்மண்ணில் பதிந்திருந்த டயர் தடம் ஒன்றை ஒரு தோட்டத் தொழிலாளி இப்படிக் காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

குற்றவாளியைக் காப்பாற்றும் எண்ணத்தோடு தடயத்தை மறைப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவின்படி குற்றம். தெரியாமல் கழுவிவிட்டவர் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கழுவியதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். “சாணம் தெளித்துவிட்டோம் ஐயா, இந்த இடத்தில் ஈரமாக இருந்தது” என்று அந்த அம்மா சொன்னதால்தான், தெளிப்புப் படாத திண்ணையின் கீழ்ப்பக்கத்தைத் தேடிப் பார்க்க முடிந்தது.

மூன்றாம் படி: எல்லையைப் பெரிதாகப் போடுங்கள்

கயிறு கட்டும்போது தேவைக்கு மேலேயே பெரிதாகக் கட்ட வேண்டும். எல்லையைப் பின்னால் சுருக்கிக்கொள்ளலாம். விரித்தால் பயனில்லை, அதற்குள் அங்கே ஐம்பது கால்கள் மிதித்திருக்கும். உள்ளே போகவும் வரவும் ஒரே பாதை. குற்றவாளி பயன்படுத்தியிருக்க வாய்ப்பில்லாத பாதை. வாசலில் ஒருவர் நின்று, உள்ளே போகிறவர் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும். உயர் அதிகாரி வந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

சம்பவ இடம் என்பது ஓரிடம் மட்டுமில்லை. பிணம் கிடக்கும் இடம் ஒன்று, கொலை நடந்த இடம் ஒன்று, ஆயுதம் வீசப்பட்ட இடம் ஒன்று, வந்த வண்டி ஒன்று என்று நான்காகவும் விரியும். நம் ஊரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 2016 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட ரயிலில், ரிசர்வ் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த 342 கோடி ரூபாயில் 5.78 கோடியைப் பெட்டியின் கூரையைத் துளையிட்டுத் திருடிவிட்டார்கள். துளை தெரியவந்தது மறுநாள் எழும்பூரில். சம்பவ இடமே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிட்டது! கூரை மேல் ஆள் இருந்திருந்தால் எந்தப் பகுதியில் இருந்திருக்க முடியும் என்று யோசித்தபோது, சேலம்–விருத்தாசலம் பாதையில் அப்போது மின்கம்பி இல்லை, டீசல் எஞ்சின்தான் என்ற எளிய செய்தி கைகொடுத்தது. மேலே மின்கம்பி ஓடும் பாதையில் கூரையில் உட்கார்ந்து யாரும் வேலை பார்க்க முடியாது. கைப்பேசிக் கோபுரப் பதிவுகளைச் சலித்து, சி.பி.சி.ஐ.டி. போலீசார் 2018இல் வெளிமாநிலக் கும்பல் ஒன்றைக் கைது செய்தார்கள்.

நான்காம் படி: படம் எடுத்தல்

இது என் வேலை, அதனால் இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

எதையும் நகர்த்துவதற்கு முன்பு படம். மூன்று தூரங்களில் எடுக்க வேண்டும். முதலில் தூரத்திலிருந்து: தெரு, வீட்டு முகப்பு, நான்கு மூலையிலிருந்தும் அறை. அடுத்து நடுத் தூரம்: அரிவாள் கிடக்கிறது என்றால் அது கட்டிலுக்கும் கதவுக்கும் எவ்வளவு தள்ளிக் கிடக்கிறது என்று தெரியும்படி. கடைசியில் அருகிலிருந்து: அரிவாள் மட்டும், முதலில் உள்ளபடியே ஒரு படம், பிறகு பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம். அளவுகோல் இல்லாத படம் ஏன் வேண்டும் என்றால், கோலை வைத்து எதையோ மறைத்துவிட்டீர்கள் என்று நாளை யாரும் கேட்கக்கூடாது.

என் தொடக்க காலத்தில் ஒரு தவறு செய்தேன். கதவோரம் மாவில் பதிந்திருந்த காலணித் தடத்தை நின்றவாக்கில், சாய்வாக, அளவுகோல் இல்லாமல் எடுத்தேன். படம் அழகாக வந்திருந்தது. இரண்டு ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் படத்தை உயர்த்திப் பிடித்து, “இது எட்டாம் எண் செருப்பா, பத்தாம் எண் செருப்பா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தடத்துக்கு நேர் மேலே, தரைக்குச் செங்குத்தாகக் கேமரா இருந்து, தடத்தின் மட்டத்திலேயே அளவுகோலும் இருந்திருந்தால் மில்லிமீட்டர் கணக்கில் சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து என் பையில் ஆறு அங்குல ஸ்கேல் இல்லாமல் நான் வீட்டை விட்டு இறங்கியதில்லை.

தடத்துக்கு வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காதீர்கள். பள்ளம் மேடு எல்லாம் தட்டையாகிவிடும். டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து, பக்கவாட்டில் அடியுங்கள். கண்ணுக்கே தெரியாத தடம்கூட நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பிறகு பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் கல் மாவு போன்ற கலவையை ஊற்றி அச்சு எடுப்பார்கள்.

ஒரு புகைப்படத்துக்கு என்ன பலம் என்பதை 1991 மே 21 காட்டியது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில், வெடிப்பில் இறந்துபோன ஒரு புகைப்படக்காரரின் கேமரா மட்டும் தப்பியது. அதன் சுருளில் இருந்த படங்கள்தான் மாலையோடு நின்ற பெண்ணை உலகுக்குக் காட்டின. உடலில் பெல்ட் போலக் கட்டிய வெடிகுண்டு என்பதைச் சிதறல்களிலிருந்து கண்டுசொன்னவர் அன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் பி. சந்திரசேகரன்.

இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலியோடு காணொளியாகப் பதிய வேண்டும் என்கிறது. ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்றும், மாநிலங்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் 176ஆம் பிரிவு சொல்கிறது. நான் வரவேற்கும் மாற்றம் இது.

ஐந்தாம் படி: வரைபடமும் மகஜரும்

படம் தூரத்தை ஏமாற்றும். அதனால் வரைபடம் வேண்டும். அசையாத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். கதவு நிலையின் மூலை, கிணற்றுச் சுவர் போன்றவை. நாளைக்கே நகர்ந்துவிடும் கட்டிலோ வண்டியோ உதவாது. ஒவ்வொரு பொருளும் அந்த இரண்டு புள்ளிகளிலிருந்து எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்தால், பத்து ஆண்டு கழித்தும் அதே இடத்தில் அதைக் கொண்டுபோய் வைக்கலாம். பார்வை மகஜரில் அந்த அளவுகளோடு, விளக்கு எரிந்ததா, கதவு உள்ளே தாழிட்டிருந்ததா, என்ன வாசம் அடித்தது என்பதும் வர வேண்டும். வாசத்தை எந்தக் கேமராவும் பிடிக்காது.

ஆறாம் படி: தேடுதல்

சின்ன அறை என்றால் சுவரோரம் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். காபித் தோட்டம் போன்ற திறந்த வெளியில் வரிசையாக ஆட்களை நிறுத்தி ஒரே சீராக நடப்பார்கள். பிறகு அதே நிலத்தைக் குறுக்கே ஒருமுறை நடப்பார்கள். கீழே தேடுகிறவர்கள் மேலே பார்ப்பதில்லை. பரண், ஓட்டு இடுக்கு, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி என்று எல்லாமே தேட வேண்டிய இடங்கள்தான்.

சேலத்துக்காரனின் சட்டையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் எங்கே இருந்துவிட்டு வருகிறான்? வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் சுரங்கப் பக்கமா, ஜவ்வரிசி ஆலையா, சுண்ணாம்பு அடிக்கும் வீடா? கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். ஆய்வுக்கூடத்துக்கு ஒன்றில்லை. ஒரு துளி அயோடின் விட்டால் ஜவ்வரிசி செய்யும் மரவள்ளி மாவு கருநீலமாகும். மற்ற இரண்டும் ஆகாது. நுண்ணோக்கியில் பார்த்தால் மரவள்ளி மாவு மணிகள் ஒரு பக்கம் சீவிய உருண்டைபோல இருக்கும். அரிசி மாவு மணிகளோ மிகச் சிறியவை, பல முனை கொண்டவை. நீர்த்த அமிலம் பட்டதும் பழைய சுண்ணாம்புப் பூச்சு சட்டென்று நுரைக்கும். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் சோம்பலாகவே கரையும், சூடாக்கினால்தான் குமிழி விடும். ஆனால் இதனால் மட்டும் அவன் குற்றவாளி ஆகிவிட மாட்டான். சுரங்கப் பக்கம் ஆயிரம் பேர் வேலைக்குப் போகிறார்கள். தூள் சொல்வது “இவன் இப்படிப்பட்ட ஓரிடத்தில் இருந்தான்” என்பதை மட்டும்தான். விரல்ரேகையும் டி.என்.ஏ.வும் ஆளைச் சுட்டும். மண்ணும் நூலும் வகையை மட்டும் சுட்டும். இந்த வேறுபாடு தெரியாமல் பேசுகிறவர்கள்தான் ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று அவசரப்படுவார்கள்.

ஏழாம் படி: எடுப்பதும் கட்டுவதும்

ரத்தம் பட்ட துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுவது, நல்லெண்ணத்தோடு செய்யும் இன்னொரு தவறு. ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. சிதையும். நிழலில், காற்றில் உலரவிட்டுக் காகித உறையில் வைக்க வேண்டும். வெயிலில் காயப்போடக்கூடாது. ஒரு துணி, ஓர் உறை. சட்டையையும் வேட்டியையும் சேர்த்து மடிக்கவே கூடாது. தீ விபத்து என்றால் எதிர்மாறு. பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆவி பறந்துவிடும் என்பதால் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியிலோ தகர டப்பாவிலோ அடைப்பார்கள். கறை படாத இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். ஒப்பிட எதுவும் இல்லாத மாதிரிக்குப் பாதி மதிப்புதான்.

சிவப்பாகத் தெரிவதெல்லாம் ரத்தமில்லை. வெற்றிலைச் சாறு, பெயின்ட், துரு என்று ஏமாற்றும் கறைகள் பல. பினால்ப்தலீன் கொண்ட முதல்கட்டச் சோதனையில் ரத்தம் இளஞ்சிவப்பாகும். முள்ளங்கி, உருளைக்கிழங்கு போன்ற சில காய்களின் சாறும் அதேபோல நிறம் காட்டக்கூடும் என்பதால், அதை ‘இருக்கலாம்’ என்ற அளவில்தான் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த சோதனை, மனித ரத்தமா என்பதற்கு. அதற்கும் அடுத்தது, யாருடையது என்பதற்கு.

சிதறிய துளியின் வடிவத்திலும் செய்தி உண்டு. நேர் கீழே விழுந்த துளி வட்டமாக இருக்கும். சாய்ந்து வந்த துளி நீண்டு, வால் விட்டிருக்கும். வால் காட்டும் பக்கம்தான் துளி போன திசை. பத்தாம் வகுப்புக் கணக்கு இங்கே வேலை செய்கிறது: துளியின் அகலம் 5 மில்லிமீட்டர், வாலை விட்டுவிட்டு நீளம் 10 மில்லிமீட்டர் என்றால், அகலத்தை நீளத்தால் வகுக்க 0.5. சைன் மதிப்பு 0.5 உள்ள கோணம் 30 பாகை. அந்தச் சாய்வில் துளி சுவரில் மோதியிருக்கிறது. பல துளிகளுக்கு இப்படிக் கோடு இழுத்துப் பார்த்தால், அடிபட்டவர் நின்றிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா என்று தெரியும். தள்ளுமுள்ளில் நின்றபடி அடி விழுந்தது என்பவனின் வாக்குமூலத்தை ஒரு சுவர் மறுத்துவிடும்.

விரல்ரேகை பற்றி ஒன்று மட்டும். பளபளப்பான பரப்பில் தூள் தூவி எடுப்பார்கள். காகிதத்தில் நின்ஹைட்ரின் தெளித்தால் வியர்வையிலுள்ள அமினோ அமிலம் ஊதாவாக மாறும். பிளாஸ்டிக் பொருள்களில் உடனடிப் பசையின் ஆவியைப் படரவிடுவார்கள். ஏற்காட்டுப் பனியில் நனைந்த பீர் பாட்டிலைத் துடைத்துவிட்டு எடுத்து வராதீர்கள். நனைந்த பரப்புக்கென்றே தனிக் கரைசல் இருக்கிறது.

எட்டாம் படி: உடல் சொல்லும் நேரம்

இறந்த நேரத்தை மருத்துவர்தான் கணிப்பார். ஆனால் நீங்கள் கவனித்து வைக்க வேண்டியவை உண்டு. தாடை விறைத்திருந்ததா, கை கால் விறைத்திருந்ததா? நம் வெப்பத்தில் விறைப்பு ஏறத்தாழ இரண்டு மூன்று மணி நேரத்தில் முகத்தில் தொடங்கி, 12 மணி நேரத்துக்குள் உடல் முழுவதும் பரவும், பிறகு தளரும். ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் தேங்கி ஊதா நிறம் படியும். சில மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். மல்லாந்து கிடப்பவரின் மார்பில் அந்த நிறம் இருந்தால், யாரோ பிற்பாடு புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரில். சித்திரை வெயிலில் கீழே ஒரு நாளில் நடக்கும் சிதைவு, மேலே பனியில் மெதுவாக நடக்கும். ஈ முட்டையிட்டுப் புழு வளரும் வேகமும் அப்படியே. ஆகவே கீழே பழகிய கணக்கை மேலே போட்டால் நேரம் தவறும். அன்றைய வெப்பநிலையைக் குறித்து வைப்பது அதனால்தான்.

ஏரியிலோ மேட்டூர் நீரிலோ உடல் கிடைத்தால், அந்த நீரில் ஒரு பாட்டிலும் எடுக்க வேண்டும். உயிரோடு மூழ்கியவரின் ரத்த ஓட்டத்தில் டயட்டம் எனும் நுண்பாசிகள் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகக்கூடும். மஜ்ஜையில் உள்ளவையும் நீரில் உள்ளவையும் ஒரே வகையா என்று பார்க்க அந்த நீர் வேண்டும்.

ஒன்பதாம் படி: கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும்

கிடக்கும் கைப்பேசியை ‘கடைசியாக யாரிடம் பேசினார்’ என்று திறந்து பார்க்காதீர்கள். அணைந்திருந்தால் அணைந்தே இருக்கட்டும். கேமராப் பதிவுகள்தான் இன்று மிக விரைவில் அழிகிற தடயம். பல பதிவுப் பெட்டிகள் சில நாள்களில் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். அடிவாரத்திலிருந்து மலை ஏறும் சாலையில் எந்தெந்தக் கடையில், எந்த விடுதியில் கேமரா இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். அதைக் காவலரிடம் முதல் நாளே சொல்லுங்கள். பெட்டி காட்டும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவு செல்ல, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்.

பாலியல் வன்முறை நடந்திருந்தால்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே சம்பவ இடம் ஒரு மனிதரின் உடல். குளிக்கத்தான் தோன்றும். முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாற்றிவிட்டால் அந்த உடைகளைத் துவைக்காமல், தனித்தனிக் காகித உறையில் கொண்டு போங்கள். குளித்துவிட்டாலும் போங்கள், தடயம் எஞ்சியிருக்கலாம், சிகிச்சையும் தேவை. அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும்; வழக்குப் பதிவாகவில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. பரிசோதனை உங்கள் சம்மதத்தோடுதான். 181இல் மகளிர் உதவி எண் இருக்கிறது. உடன் போகிறவர்கள் கேள்வி கேட்காமல் கூட இருங்கள், அது போதும்.

பத்தாம் படி: கைமாறும் கணக்கும் நீதிமன்றமும்

எடுத்த பொருள் உறையில் போய், அரக்கு முத்திரை விழுந்து, யார் எடுத்தது, எப்போது, எங்கே என்று சீட்டு ஒட்டப்படும். அங்கிருந்து காவல் நிலையம், நீதிமன்றம், ஆய்வுக்கூடம் என்று அது போகும் ஒவ்வொரு கையும் பதிவேட்டில் இருக்க வேண்டும். நடுவில் ஓர் இரவு கணக்கில் வராமல் போனால், அந்த இரவில் என்ன நடந்தது என்று கேட்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு. அது நியாயமான கேள்வியும்கூட. குற்றமற்றவரைக் காப்பாற்றுவதும் இதே கணக்குதான்.

மகஜர் சாட்சியாக உங்களை அழைத்தால், படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். ‘ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துப் போட்டேன், என்ன எழுதியிருந்தது என்று தெரியாது’ என்று கூண்டில் நின்று சொன்ன சாட்சிகளால் விழுந்த வழக்குகளை எண்ண முடியாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் தேதி, நேரம், நீங்கள் கண்ணால் கண்ட பொருள், உங்களோடு கையெழுத்திட்ட மற்றவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். சம்மன் வருவதற்குள் ஆண்டுகள் ஓடியிருக்கும்.

கூண்டில் ஏறியதும் உறையைக் காட்டி, “இது உங்கள் கையெழுத்தா?” என்று கேட்பார்கள். சீட்டைத் திருப்பி, முத்திரையைப் பார்த்து, தேதியைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், பிறர் சொல்லிக் கேட்டதைச் சேர்க்காதீர்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள். நீதிபதி அதற்காகக் கோபித்துக்கொண்டதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.